நாட்காட்டி முருகனும் மேடை முருகனும்: கரிசல் ஊர்களின் நாடக உடுப்பு

விருதுநகரை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் சூலக்கரை. அங்கோ, அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர் ஒன்றிலோ கோயில் பொங்கலுக்கு ‘வள்ளி திருமணம்’ வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பபூனும் டான்ஸும் முடிந்து, நாரதர் வந்து போய், நள்ளிரவு கடந்த பிறகு முருகன் மேடைக்கு வருகிறார். தலையில் கல் பதித்த கிரீடம், தோளில் புஜகீர்த்தி, சரிகை ஓடிய வெல்வெட், ரோஸ் பவுடர் பூசிய முகம். மேடைக்கு எதிரே டீக்கடைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. சிவகாசியில் அச்சான அந்தத் தாளிலும் ஒரு முருகன் நிற்கிறார். அதே கிரீடம், அதே தோளணி, அதே ரோஜா நிறக் கன்னம்.

இவர்களில் யார் யாரைப் பார்த்து உடுத்தினார்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தென் தமிழ்நாட்டின் நாடக உடுப்பு வரலாறு பெரும்பாலும் கைக்கு வந்துவிடுகிறது. நாடக வரலாறு எழுதியவர்கள் ஆசிரியர்களைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். உடுப்பு மட்டும் ஓரிரு வரியில் முடிந்துபோகும். அதைத் தைத்தவர், ஒட்டியவர், வாடகைக்குக் கொடுத்தவர் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஊர் நாடகத்தின் உடுப்பைத் தனி ஒருவர் வடிவமைப்பதில்லை. நடிகர், தையல்காரர், சீன் வரைந்த ஓவியர், அச்சுக்கூடம், நேர்ந்துகொண்ட பக்தர், விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் சனம் எல்லாரும் சேர்ந்து பல தலைமுறையாக அதை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்கு ‘வடிவமைப்பு’ என்று எவரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் அது வடிவமைப்புதான், அதுவும் தேர்ந்த வடிவமைப்பு.

வேடம் கட்டுதல்

சட்டையைப் போடுகிறோம், புடவையை உடுத்துகிறோம். வேடத்தை மட்டும் ‘கட்டுகிறோம்’. இந்த வினைச்சொல்லுக்குள் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. ஊர் நாடகத்தில் இந்த வருடம் அருச்சுனனாக ஆடியவர் அடுத்த வருடம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போயிருக்கலாம். அவர் இடத்துக்கு வருபவர் ஒல்லியாக இருப்பார், அல்லது தொந்தியோடு இருப்பார். அளவெடுத்துத் தைத்த உடுப்பு அங்கே உதவாது. நாடாவும் கச்சையும் முடிச்சும் கொண்ட உடுப்பு எந்த உடம்புக்கும் பொருந்தும். இழுத்துக் கட்டினால் இருபது வயதுப் பையனுக்கு, தளர்த்திக் கட்டினால் அறுபது வயதுப் பெரியவருக்கு.

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இது உச்சத்துக்குப் போனது. கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டி, கயிற்றால் உடம்பில் கட்டுவார்கள். அந்த மர அணிகளுக்கே ‘கட்டை’ என்று பெயர். கட்டைக்கூத்து என்னும் பெயரும் அதிலிருந்து வந்தது. துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்கு நீலமோ பச்சையோ என்று முகத்தின் நிறமே ஆளை அறிவித்துவிடும். தீவட்டி வெளிச்சத்தில் மூக்கும் வாயும் தெரியாத தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கும், அசையும் கண்ணாடித் துண்டுகளின் மினுக்கத்தில் வருவது ராசா என்று விளங்கிவிடும். வெளிச்சம், தொலைவு, இரவின் நீளம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டுச் செய்த உடுப்பு அது.

பெட்டி யாருடையது

மதுரையிலிருந்து தெற்கே கூத்து மரபு இந்த வடிவத்தில் வேர்விடவில்லை. இங்கே ஆண்டது ‘ஸ்பெஷல் நாடகம்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் குழுக்கள் சென்னை வரை வந்தன. திரைச்சீலை, வெல்வெட், ஜரிகை, சமிக்கி எல்லாம் அவற்றின் வழியே தமிழ் மேடையில் நிலைபெற்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்த நாடகங்கள் அந்த மேடைக்குத் தமிழ் உயிர் கொடுத்தன. 1918இல் அவர் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். சி. கன்னையாவின் கம்பெனி ‘தசாவதாரம்’ போன்ற நாடகங்களில் காட்சிக்கும் உடுப்புக்கும் பணத்தை வாரி இறைத்துப் பெயர் வாங்கியது. அந்தக் காலத்தில் உடுப்புப் பெட்டி கம்பெனி முதலாளியின் சொத்து. பையன்கள் வேடத்தைக் கட்டுவார்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

கம்பெனிகள் கலைந்தபின் கணக்கு தலைகீழானது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்தும், பபூன் மூன்றாம் ஊரிலிருந்தும் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் பாடம், மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இந்த நாடக உலகை ஆராய்ந்து 2005இல் விரிவான நூலாக வெளியிட்டார். இந்த அமைப்பில் உடுப்பு நடிகரின் சொந்தச் சொத்து. பெட்டி அவருடையது, அதிலுள்ள கிரீடமும் அவருடையது. தையல் கூலி, துவைப்பு, சமிக்கி உதிர்ந்தால் திரும்பத் தைப்பது எல்லாம் அவர் செலவு.

இதனால் மேடையில் ஒரு விசித்திரம் உண்டாகிறது. முருகன் ஊதா வெல்வெட்டில் வருவார், நாரதர் தன்னிடமுள்ள காவிப் பட்டில் வருவார், வள்ளி தனக்குப் பிடித்த தாவணியில் வருவார். நிறப் பொருத்தத்தை யாரும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. ஆனாலும் காட்சி கலைவதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்றக்கூடாத அடையாளம் ஒன்றிரண்டு உண்டு. நாரதருக்குத் தம்புராவும் சிப்ளாவும், முருகனுக்கு வேல், வள்ளிக்குக் கவண். அவை இருந்துவிட்டால் மற்றதெல்லாம் நடிகரின் விருப்பம். பபூன் தன் காலத்துக் கால்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு புராணத்துக்குள் நடந்து போவார், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். அடையாளம் இறுக்கம், மற்றது தளர்வு: சேர்ந்து ஒத்திகை பார்க்க வழியில்லாத மேடைக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு விதி இருக்க முடியாது.

சைசரின் ஆய்வில் இன்னொரு செய்தி மனத்தைத் தைக்கிறது. நடிகைகள் ஊருக்கு ஊர் இரவுப் பயணம் போகும்போது, தாங்கள் நாடக நடிகை என்று வழியில் தெரியாதபடி குடும்பப் பெண்களைப்போல அடக்கமாக உடுத்துகிறார்கள், நடந்துகொள்கிறார்கள். மேடையில் நடிகையைப் பார்த்துக் கைதட்டும் சமூகமே வெளியில் இழிசொல் சொல்லும் என்ற அச்சம். ஆக அவருக்கு ஒரே நாளில் இரண்டு வேடம். அரங்கில் கட்டும் வேடத்தைவிடப் பேருந்தில் உடுத்தும் வேடம்தான் அவருக்குப் பாரமானது. உடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சாதாரணப் புடவையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கோவில்பட்டியில் நின்ற ஓவியர்

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையச் சேர்ந்தார். அந்தக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்துபோனது. ஓவியர் அங்கேயே தங்கிவிட்டார். 1940களில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். அவர்கள் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சரசுவதியும் சிவகாசி அச்சுக்கூடங்களுக்குப் போய், நாட்காட்டிப் படங்களாக நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள்.

சிவகாசியில் அந்த அச்சுக்கூடங்கள் தோன்றியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். லேபிள் அடிக்கத் தெரிந்த கை, சாமி படத்தையும் அடித்தது.

கொண்டையராஜுவின் சாமிகள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். முகம் நேராகப் பார்ப்பவரை நோக்கியிருக்கும். பின்னால் தூண், திரை, மலை, அருவி. மேலிருந்து விழும் வெளிச்சம். உடம்பெங்கும் நகை, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மின்னும். நாடகத் திரைக்கு முன்னால் வந்து நின்ற நடிகரின் நிலை அது. சீன் வரைந்து பழகிய கையில் மேடையின் இலக்கணம் ஊறிப்போயிருந்தது. அவருக்கு முன்பே ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை வீடுதோறும் அனுப்பியிருந்தார். அவர் படங்களிலும் அக்கால நாடக மேடையின் சாயலை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பிறகு சுழற்சி திரும்புகிறது. ஊர் நாடகத்துக்கு முருகன் கிரீடம் செய்ய உட்காரும் கைவினைஞருக்கு முன்மாதிரி எது? கோயில் கருவறை முருகன் இருட்டில் இருக்கிறார், சந்தனக் காப்பில் இருக்கிறார். கோயில் சிற்பத்தில் வண்ணம் தேய்ந்திருக்கும். கண்ணுக்கு எதிரே, எட்டும் உயரத்தில், வண்ணத்தோடு இருப்பது நாட்காட்டி முருகன்தான். அட்டையை வெட்டுகிறார், ஜிகினாத் தாள் ஒட்டுகிறார், படத்தில் உள்ளபடி சிவப்புக் கல்லையும் பச்சைக் கல்லையும் வைக்கிறார். மேடையிலிருந்து ஓவியத்துக்குப் போன உடுப்பு, ஓவியத்திலிருந்து அச்சுக்குப் போய், அச்சிலிருந்து மேடைக்குத் திரும்பி வந்துவிட்டது. முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான்: இருவரும் ஒருவரையொருவர் பார்த்து உடுத்தினார்கள். அந்தப் பார்வை நடந்த இடம் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள இந்தக் கரிசல் வட்டாரம்.

இதே சுழற்சியைக் கட்டபொம்மன் நாடகத்திலும் காணலாம். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் வந்த பிறகு, ஊர் மேடைக் கட்டபொம்மனின் மீசையும் தலைப்பாகையும் நடையும் சிவாஜி கணேசனுடையவை ஆகிவிட்டன. பாஞ்சாலங்குறிச்சிக்காரர் உண்மையில் என்ன உடுத்தினார் என்று மேடைக்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. சனம் மனத்தில் வைத்திருக்கும் படத்தோடு ஒத்துப்போவதே அங்கே உண்மை.

கதர் உடுத்த நடிகர்

பார்ப்பவர் எதிர்பார்ப்பதையே உடுப்பு தந்துகொண்டிருக்க வேண்டும் என்று விதி இல்லை. அந்த எதிர்பார்ப்பை உடைத்தவர் சிவகாசியில் பிறந்தவர். 1886இல் மருத்துவர் குலத்தில் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸ், சாதியின் பெயரால் நாடக உலகிலேயே அவமதிப்பைச் சந்தித்தவர். அவருடன் சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. காந்தியின் இயக்கத்தில் ஈடுபட்ட பிறகு அவர் கதர் உடுத்து மேடையேறினார். வள்ளி திருமணத்தில் வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கிப் பாடிய பாட்டு ஊர் ஊராகப் பரவியது. பலமுறை சிறை சென்றார்.

வெல்வெட்டும் ஜரிகையும் மின்னும் புராண மேடையில் கதர் வந்து நின்றதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டில் என்ன இருக்கிறது என்று போலீஸ்காரர் குறிப்பெடுக்கலாம், அந்த வரியைத் தடை செய்யலாம். உடுப்பு பேசும்போது எந்த வரியைத் தடை செய்வது? நடிகர் வாய் திறக்கும் முன்னரே அவர் எந்தப் பக்கம் என்று சனத்துக்குத் தெரிந்துவிட்டது.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணம். மயில்மீது அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. முருகன் வேடத்தோடே உடலை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவருடைய நினைவு இல்லம் திருமங்கலத்தில் இருக்கிறது. அவர் உடுத்த கதரும் கட்டிய கச்சையும் எப்படித் தைக்கப்பட்டன என்பதையும் விளக்கமாக எழுதிவைக்க வேண்டும்.

அதே காலத்தில் வள்ளியாக நடித்துப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள், கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெள்ளைக் கதரும் திருநீறுமாகத் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டார். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சேலையைக் களைந்து ஆண் வேடம் கட்டியது அவர் துக்கத்துக்கும் துணிவுக்கும் இடையே கண்ட வழி. ஆணாகப் பிறந்து முப்பது வயதில் மூதாட்டி அவ்வையாக நடித்த டி. கே. சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்பதே அடைமொழியாக நிலைத்தது. வேடம் கட்டியவரின் பெயரையே மாற்றிவிடும் வலிமை உடுப்புக்கு உண்டு.

ஒரு இரவில் மூன்று தோற்றம்

உடுப்பு வடிவமைப்பின் பாடப்புத்தகமாக நம் கையில் இருப்பது வள்ளி திருமணமே. முருகன் வேடனாக வர வேண்டும், வள்ளியோடு தர்க்கம் செய்ய வேண்டும், பின்பு கிழவனாக வர வேண்டும், கடைசியில் கடவுளாகக் காட்சி தர வேண்டும். இடையில் கிடைக்கும் நேரம் ஒரு பாட்டு அல்லது பபூன் பேச்சு. ஓலைத் தட்டிக்குப் பின்னால், கொக்கியில் மாட்டிய ஒரு பல்பின் வெளிச்சத்தில் மாற்றியாக வேண்டும். தேர்ந்த ராஜபார்ட் இதை அடுக்கு முறையில் சமாளிப்பார். கடவுளின் உடுப்பு அடியில், அதன்மேல் மறைக்கும் துணி. கிழவன் வேடத்துக்குப் புதிதாக ஒன்றும் உடுத்த வேண்டியதில்லை: ஒரு காவித் துண்டைப் போர்த்தி, நரைத்த தாடியையும் டோப்பாவையும் மாட்டி, தடியை ஊன்றி முதுகை வளைத்தால் போதும். துண்டை உதறினால் உள்ளே இருக்கும் ஜரிகை வெளிச்சத்தில் விழும். அந்தக் கணத்தில் சனம் கை கூப்புவது துணி விலகிய வேகத்தைப் பார்த்து.

அரிச்சந்திர மயான காண்டத்தில் இதற்கு நேரெதிர். அங்கே உடுப்பு ஏறுவதில்லை, இறங்குகிறது. பட்டு போய், கிரீடம் போய், முடிவில் இடுப்பில் ஒரு துணி, தோளில் கம்பளி, கையில் சுடுகாட்டுக் கோல். கதையை ஒரு சொல்லும் கேட்காமல் உடுப்பை மட்டும் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடினம் நல்லதங்காளின் உடுப்பு. இந்தக் கதை விருதுநகர் மாவட்டத்துக் கதை. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயிலும், ஏழு பிள்ளைகளோடு அவள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் இருக்கின்றன. பஞ்சத்தில் அடிபட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்து வரும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் என்ன உடுத்துவது? புதுத் துணியைக் கத்தரியால் கிழித்தால் அது கிழித்த துணியாகத்தான் தெரியும். உண்மையான கந்தல் தோளிலும் முழங்காலிலும் வெளுத்திருக்கும், ஓரம் நைந்திருக்கும், ஒட்டுப்போட்ட நூலின் நிறம் வேறாக இருக்கும். ஒரு காலத்தில் அவள் செல்வ வீட்டுப் பெண் என்பதும் தெரிய வேண்டும். ஆகவே பழைய பட்டுப்புடவையின் தேய்ந்த சரிகைக் கரை அந்தக் கந்தலில் எங்கோ ஓரிடத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். அந்தக் கரை ஒன்று போதும், கதையின் முற்பகுதியைச் சொல்லிவிடும்.

முகத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒப்பனைக்குத் தமிழில் ‘அரிதாரம் பூசுதல்’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. முத்துவெள்ளையும் மையும் அதோடு சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விடிய விடிய முகத்தில் வைத்திருந்த தலைமுறையின் தோல் என்ன பாடுபட்டிருக்கும்! சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் குளத்துக்கு முகம் கழுவப் போனபோது, அவரைப் பார்த்த பெண் ஒருத்தி அச்சத்தில் உயிர்விட்டாள் என்றும், அதனால் அவர் நடிப்பதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மேடைத் தொலைவுக்குக் கணக்கிட்ட ஒப்பனை பக்கத்தில் வந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை இல்லை.

நேர்ந்துகொண்ட உடுப்பு

மேடை இல்லாமலே ஊர் முழுவதும் வேடம் கட்டும் நாட்களும் இங்கே உண்டு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், வேப்பிலை உடுத்துபவர்கள், பல வேடம் கட்டி வருபவர்கள் என்று தெருவே அரங்கமாகிவிடும். இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் இது கடல்போல விரியும். காளி, குரங்கு, கரடி, ராஜா, குறவன், குறத்தி, பிச்சைக்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, கோயில் உண்டியலில் செலுத்துகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம்.

காளி வேடம் கட்டுபவர் பல நாள் விரதம் இருக்கிறார். சடைமுடி, தகரத்திலோ மரத்திலோ செய்த கைகள், கோரைப்பல், சிவப்புப் புடவை எல்லாம் சேர்ந்தால் கனமான சுமை. வெயிலில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். கனம் முழுவதும் கழுத்தில் இறங்காமல் தோளுக்கும் இடுப்புக்கும் பிரியும்படி வார் வைத்துக் கட்டுவது அனுபவம் சொல்லித்தந்த பொறியியல். இந்த உடுப்பின் அழகைத் தீர்மானிப்பது நடிப்புத் திறமை அல்லது பணம் மட்டுமல்ல, நேர்ந்துகொண்டவரின் மனம். பிச்சைக்கார வேடம் போட நேர்ந்தவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் கந்தல்தான் உடுத்துவார். ஊர் கூடிச் செய்யும் நாடக உடுப்பு என்றால் என்ன என்று உலகில் யாராவது கேட்டால், நாம் கைகாட்ட வேண்டிய இடம் குலசேகரன்பட்டினம்.

நெருப்புக்குப் பக்கத்தில் துணி

சிவகாசி வட்டாரத்துக்கு ஒரு அறிவு உண்டு, அதை இங்கே மேடைக்குக் கொண்டுவரவில்லை என்பது என் மனக்குறை. பட்டாசு ஆலைக்குள் வேலை செய்பவர்கள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் உரசலில் நிலைமின்சாரத்தைத் தேக்கும், ஒரு பொறி போதும். அந்தத் துணிகள் எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதை இந்த மண்ணின் பெண்கள் பள்ளிக்கூடம் போகாமலே அறிவார்கள். ஆனால் அதே ஊரின் திருவிழா மேடையில் நைலான் டோப்பா, பாலியெஸ்டர் வெல்வெட், பிளாஸ்டிக் சமிக்கி, பஞ்சு போன்ற நுரைத் துணி. பக்கத்தில் கற்பூரத் தட்டு, அக்கினிச்சட்டி, வாண வேடிக்கை.

1862இல் பாரிஸ் ஆபராவில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடையில் எரிவாயு விளக்கின் தீ பற்றியது. தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணி அப்போதே கிடைத்தது. அது விறைப்பாக, மங்கலாக இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது இருபது. அழகுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் ஆசை எல்லா நாட்டு மேடையிலும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. தோலை ஒட்டிய அடுக்கு முழுவதும் பருத்தியாக இருக்கட்டும். ஜொலிக்கும் பொருளெல்லாம் எளிதில் கழற்றி எறியும்படி மேலடுக்கில் நாடாவால் கட்டியிருக்கட்டும். பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால், நூறு பங்கு தண்ணீரில் ஏழு பங்கு வெங்காரமும் மூன்று பங்கு போரிக் அமிலமும் கரைத்துத் துணியை நனைத்து உலர்த்தினால் தீ பரவுவது வெகுவாகக் குறையும். துவைத்தால் அது போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். தீச்சட்டி ஏந்துபவருக்கு நைலான் டோப்பா கூடாது, பருத்தி நூலில் முடைந்த சடை போதும். மேடைப் பக்கத்தில் ஒரு நனைத்த கோணிச் சாக்கும் இரண்டு வாளி மணலும் இருக்கட்டும்.

ஒரு துண்டு

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தமிழகமெங்கும் பரவியபோது கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. அவர்களிடம் வெல்வெட் கிடையாது, கிரீடம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே நிற ஜிப்பா, ஒரு துண்டு. தோளில் போட்டால் பண்ணையார், இடுப்பில் கட்டினால் கூலியாள், தலையில் போர்த்தினால் பாட்டி, சுருட்டிக் கையில் ஏந்தினால் குழந்தை. நாட்காட்டி முருகன் எவ்வளவு ஜொலித்தாரோ அவ்வளவுக்கு இவர்கள் எளிமை. இரண்டும் சனத்திடம் சென்று சேர்ந்தன. இரண்டுக்கும் அடியில் வேலை செய்தது ஒரே கருத்து: எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டும், தொலைவிலிருந்து புரிய வேண்டும், மலிவாகக் கிடைக்க வேண்டும், கையால் கட்டும்படி இருக்க வேண்டும்.

இன்று ஊர் நாடகத்துக்கு உடுப்பு செய்யப் போகும் இளைஞர்கள் திரைப்படத்தைப் பார்த்தோ கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்தோ தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை, கொண்டையராஜுவும் கண்ணுக்குப் பட்டதிலிருந்துதான் தொடங்கினார். ஆனால் பக்கத்துத் தெருவில் முப்பது வருடம் ராஜபார்ட் கட்டிய ஒரு பெரியவர் இருப்பார். அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து, கிரீடம் எதனால் செய்தது, நாடா எங்கே தைத்திருக்கிறது, எந்தத் தையல் யார் கை என்று கேட்டுப் படம் எடுத்து எழுதி வையுங்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசிக் கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆளுக்கு இருபது பெட்டி என்று எடுத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்தில் ஒரு நல்ல ஆவணம் உருவாகிவிடும். பெரியவர் போனபின் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதற்கு முன் நாம் போக வேண்டும்.